கொடுக்கும் கையின் அளவு

பிள்ளை சிறியதாக இருக்கும்போது பெருநாளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால், அந்தப் பிள்ளை வளர்ந்து, பெற்றவரை விடக் கூடுதலாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பின்னரும் பெற்றவர் கடன்பட்டு வாங்கிக் கொடுக்கிறாரே, அதற்கு என்ன பெயர்? அன்பா, வழக்கமா, வீம்பா? மலைநாட்டில் வாழ்பவனுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு தீபாவளிக்கும் எழாமல் இராது.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஹட்டன் நகரத்தில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்கள் நிறைந்து வரும். நடைபாதையில் குவித்திருக்கும் துணிகளைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். அவர்களிற் பலரது கையிலிருப்பது தீபாவளி முற்பணம். அதைத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும் அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. உண்மையில் அது இனிமேல் உழைக்கப்போகும் சம்பளம். பின்வரும் மாதங்களில் துண்டு துண்டாகக் கழிக்கப்படும்.

2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த 1,350 ரூபாக் கணக்கில் ஒரு தாய் 20,000 ரூபா முற்பணம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 வீதம் போக, அது 16 நாள் உழைப்பு. அதுவும் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்து, முழுப் பேர் விழுந்த 16 நாள். நிறை குறைந்தால் அரைப் பேர்தான். பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும். கழிவு மாதக்கணக்கில் சம்பளத் துண்டில் நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் வளைகுடா நாடொன்றில் சாரதி. அடுத்தவள் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறாள். இளையவள் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூவருக்கும் ஆண்டுதோறும் உடுப்பு வாங்குகிறார். ஊரில் இல்லாத மகனுக்கும் ஒரு சேர்ட் வாங்கிப் பெட்டியில் வைக்கிறார். "அவன்தான் ஒங்களுக்கு அனுப்புறானே, எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அனுப்புறான் சேர். அதுக்காக நான் குடுக்கிறத விட்டுட்டா நான் அவனுக்கு யாரு?" என்றார்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று இந்தத் தாயின் பக்கம் நிற்காது. நத்தார்ப் பரிசுகளுக்குக் கொடுத்த விலையையும், பெற்றவர்கள் அவற்றுக்கு மதித்த பெறுமதியையும் அவர் ஒப்பிட்டார். பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீணாகிறது என்பது அவரது கணிப்பு. பெற்றவரின் விருப்பத்தைக் கொடுப்பவர் சரியாக அறியார், ஆகவே காசாகக் கொடுப்பதே இலாபம் என்பது அதன் உட்கிடை. இந்தக் கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் சேர்ட் முழு நட்டம்.

கணக்குப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது பெறுபவரின் பயனை மாத்திரமே அளக்கிறது. கொடுப்பவருக்கு அந்தக் கொடை என்ன செய்கிறது என்பதை அளக்கவில்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தமது நூலில், கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் என மூன்று கடப்பாடுகள் சமூகத்தைக் கட்டிவைப்பதாக விளக்கினார். பெற மட்டுமே செய்பவன் தாழ்ந்து போகிறான். வாழ்நாள் முழுவதும் பிறருக்காக உழைத்த ஒரு தாய், முதுமையில் பிள்ளையிடம் வாங்கும் கையாக மட்டும் இருக்க விரும்பாதது வீம்பு அல்ல. அது மானம். அதைக் கணக்குச் சொல்லித் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் வரம்பு எங்கே? நமது மார்க்கத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் உண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்குத் தந்தை ஓர் அன்பளிப்புச் செய்தார். அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டுமெனத் தாயார் கேட்டார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என நபியவர்கள் வினவினார்கள். இல்லையென்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது. அன்பளிப்பில் சமத்துவம் ஹன்பலி மத்ஹபில் கடமை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். ஆனால் தேவைக்குச் செய்யும் செலவு வேறு. நோயுற்ற பிள்ளையின் மருந்துக்கும் நலமாயிருக்கும் பிள்ளைக்கும் சமன் பார்ப்பதில்லை.

இந்தப் பிரிவினை தோட்டத்துத் தாய்க்கும் உதவும். வெளிநாட்டு மகனின் நிலைக்கு ஏற்றதென்று 6,000 ரூபாச் சேர்ட்டும், இளைய மகளுக்கு 1,500 ரூபாத் துணியும் வாங்கினால், அங்கே பிள்ளையின் தகுதிக்கு விலை வைக்கப்படுகிறது. கொடையின் அளவு, கொடுப்பவரின் கைக்கு அடங்கியதாகவும் மூவருக்கும் ஒத்ததாகவும் இருக்க வேண்டும். இளையவளுக்கு உலைக்கு அரிசி தேவையென்றால் அதைத் தனியே, மற்றொரு நாளில் கொடுக்கலாம். அது பரிசல்ல, உதவி.

மலிவாகத் தேடி வாங்குவதை இழுக்காக நினைப்பவர்களும் உண்டு. என் வாப்பா பொட்டணி சுமந்து லயம் லயமாகச் சென்று புடவை விற்றவர். சம்பள நாளில்தான் காசு வரும். கடனுக்குக் கொடுத்த புடவையின் விலையில், காத்திருந்ததற்கான விலையும் சேர்ந்தே இருந்தது. கைக்காசோடு வந்து நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கும் சுதந்திரம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இருக்கவில்லை. ஆகவே பேரம் பேசுவது சிறுமையல்ல. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நடைபாதையில் கடை விரித்திருப்பவனும் பல வேளைகளில் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையே. அவனது அன்றைய சோற்றையும் சேர்த்துக் குறைத்து வாங்கிய துணியில் என்ன பரக்கத் இருக்கும்?

நம்மவர் நிலையும் வேறல்ல. நோன்பின் கடைசிப் பத்து இரவுகளில் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள் புடவைக்கடைகளில் நிற்கிறோம். சம்பாதிக்கும் மகனுக்கு ஓய்வூதியக்காரத் தகப்பன் அடகு வைத்து வாங்குவதும் நடக்கிறது. நகரத்துக்கு இறங்குமுன் வீட்டிலேயே தொகையைத் தீர்மானித்துக்கொள்வதை நாம் தோட்டத்துத் தாய்மாரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வளர்ந்த பிள்ளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தாய் தந்த மலிவுச் சேர்ட்டை விலை பாராமல் உடுத்துவது முதலாவது. "இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லாதிருப்பது இரண்டாவது. பண்டிகைக்கு முதல்நாள் விலையுயர்ந்த பொருளோடு வந்து தாயின் கொடையைச் சிறிதாக்கிவிடாமல், முற்பணம் கழியும் மாதங்களில் வீட்டுச் செலவுக்குச் சிறிது கூட்டி அனுப்புவது மூன்றாவது. தாயின் கை கொடுத்த கையாகவே இருக்கும். அவரது அடுப்பும் அணையாது.