விலாசம் தவறிய கோபம்



"கோபப்பட்டேன், சுவாமி" என்று சொல்லாமல் நாம் பாவசங்கீர்த்தனம் முடித்து எழுந்த நாள் உண்டா? குருவானவர் எத்தனை முறை என்று கேட்பார். இனி அடக்கிக்கொள் என்று புத்தி சொல்லி, அபராதம் கொடுத்து அனுப்புவார். யார் மேல் கோபம், யாருக்காகக் கோபம் என்று விசாரிக்க அவருக்கு நேரமிராது. பின்னால் வரிசை நிற்கிறதே. அவர் கேளாமல் விட்ட அந்தக் கேள்வியை இந்த வாரம் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எந்த ஊர்க் கடை என்பது வேண்டாம். எனக்கு முன்னால் ஓர் ஆயா. முப்பது நாற்பது வருஷம் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்குத் தோல் சீவிய கை அவருடையது. விரல் நுனியெல்லாம் தேய்ந்து, ஆற்றங்கல்லைப்போல் வழவழவென்றிருந்தது. அந்த விரலைத்தான் கருவியின் மேல் வைக்கச் சொன்னாள் கடைப் பெண். வலது கை விழவில்லை. இடது கை விழவில்லை. முந்தானையில் துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடியும் வைத்தார். பிறகு சர்வர் நின்றுபோயிற்று. அது வந்ததும், செல்போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள் அந்தப் பெண். செல்போனோ பேரனிடம். பேரனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில். வேலை நேரத்தில் அவன் போனை எடுப்பதில்லை.

"ஏங்கண்ணு, கையில ரேகை இல்லீன்னா வயித்துல பசி இருக்காதா?" என்று ஆயா கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இதற்குள் அரை மணி ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "சம்பளம் வாங்குகிறாய் அல்லவா? மெஷினைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட்டேன். என் மகள் வயது இருக்கும். பதில் சொல்லவில்லை. கண் கலங்கினதை மறைக்கத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைத் தேற்றினது யார் தெரியுமா? "உடு கண்ணு, நீயென்ன பண்ணுவே" என்று அந்த ஆயாதான் தேற்றினார். பிறகு காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். என் விரல் முதல் தடவையிலேயே விழுந்தது. சர்க்கரையும் பருப்பும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். வந்ததும் வராததுமாய், டெல்லியில் இருக்கிறவர்களைக் கேலி செய்து வாட்ஸ்அப்பில் வந்த மூன்று துணுக்குகளைப் பத்துப் பேருக்குத் தட்டிவிட்டேன். மனம் லேசானது. சாப்பிட்டுத் தூங்கினேன்.

என் கோபத்தைக் கவனியுங்கள். கருவியை வைத்தவர்களுக்கு அது எட்டவில்லை. டெல்லிக்கும் எட்டவில்லை. கைக்கு எட்டிய ஓர் ஏழைப் பெண் மேல் விழுந்தது. அது மட்டும் அல்ல. அது யாருக்காக வந்த கோபம்? ஆயாவின் காலிப் பைக்காக வரவில்லை. என் அரை மணி நேரத்துக்காக வந்தது. இதைத்தான் நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்க வேண்டும். "கோபப்பட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்காது.

இது நான் ஒருவன் செய்கிற காரியமாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதம மந்திரி டெலிவிஷனில் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நோட்டுகளில் 99.3 சதவீதம் பாங்கிக்கே திரும்பி வந்துவிட்டது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. முடிவு டெல்லியில் பிறந்தது. வசவு வாங்கினவர்களோ நம்மூர்ப் பாங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள். 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. நாமக்கல் லாரிக்காரர்களுக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். அதை வாங்கிக்கொண்டவன் கூண்டுக்குள் நிற்கிற பையன். 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்தது. படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் அலைந்தவர்களில் அநேகர் அங்கன்வாடி டீச்சர்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று அந்தப் படிவம் கேட்டதற்கு, அந்த அம்மாள் என்ன செய்வார்? டிசம்பர் 19-ந் தேதி வந்த வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறினவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம். "என் பெயரை எடுத்துவிட்டாயே" என்று அவரவர் தெரு டீச்சரைக் கேட்டவர்கள் நம் விசாரணையிலும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தூரத்து முடிவுகள் நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. மதுவிலக்கை 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை முதன்முதல் அமல் செய்து பார்த்தது நம் சேலத்தில்தான். அன்று நாமக்கல்லும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. கள்ளு சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி.யைச் சபிக்கிற நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்கள், அதன் பாட்டனுக்கு நம்மூர்க் கள்ளுக்கடைகளோடு உறவு உண்டு என்பதை அறிந்தால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தாலுகா கச்சேரியில் ஒரு மனிதன் இருந்தான். கெஞ்சலாம், அதட்டலாம், அவனுக்கு வெட்கமாவது வரும். இன்று "பிறகு முயற்சிக்கவும்" என்று கண்ணாடித் தகடு சொல்கிறது. அதற்குக் காதும் இல்லை, வெட்கமும் இல்லை. காதில்லாத ஒன்றோடு கோபிக்கிறவன், காதுள்ள யாரையாவது தேடத்தான் செய்வான்.

இன்றைய பாப்பரசர் 2025 மே மாதத்தில் தாம் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் சொன்னபோது, இதையொட்டிய கவலையைத்தான் சொன்னார். நம் பாட்டன்மார் சிங்கராயர் என்று அழைத்த 13-ம் லியோ, 1891-ல் ஆலைத் தொழிலாளிக்காக நிருபம் எழுதினார். இப்போது யோசிக்கிற யந்திரங்களின் காலத்தில் மனிதனுடைய மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

சரி, கோபம் பாவமா? தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை நிதானமாக ஆராய்கிறார். புத்திக்குக் கீழ்ப்பட்டு, நியாயமான காரணத்துக்காக, அளவோடு எழும் கோபம் பாவமன்று என்கிறார். அத்தோடு விடவில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் கோபமே வராமல் இருப்பதும் குற்றமாகலாம் என்கிறார். இந்த இரண்டாவது பாதி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் சூம்பின கையுள்ள ஒரு மனிதன். அவனைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று காத்திருக்கிறது ஒரு கூட்டம். சட்டம் அவர்கள் பக்கம் இருப்பதாக அவர்கள் நினைப்பு. நம் ஆண்டவர் அவர்களைச் சுற்றிப் பார்த்தார். கோபத்தோடு பார்த்தார் என்றே எழுதியிருக்கிறது, அவர்கள் மனக் கடினத்துக்காகத் துக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறது. அது யாருக்காக வந்த கோபம்? இன்னொருவனுடைய கைக்காக. அதே சேசுநாதர், தம்முடைய முகத்தில் துப்பினபோது வாய் திறக்கவில்லை. ஏரோதின் முன் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாமோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். நம் அரை மணிக்குக் கோபம். அடுத்தவர் கைக்குப் பொறுமை. "என்ன செய்வது, எல்லாம் அப்படித்தான், சர்வேசுரனுடைய சித்தம்" என்று ஆயாவிடம் சொல்ல நமக்கு நொடி பிடிக்காது. பொறுமை பெரிய புண்ணியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புண்ணியத்தைப் பிறத்தியார் தலையில் சுமத்தி நாம் சம்பாதிக்க முடியாது. ரேகை விழாத குற்றத்துக்காக ஒருவருக்கு அரிசி மறுக்கப்படுவது சர்வேசுரனுடைய சித்தம் என்று எந்தச் சங்கமும் போதித்ததில்லை. இந்த நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26-ந் தேதி தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு உரியதை மறுக்கலாகாது, வேறு வகையில் ஆளை அறிந்து கொடுக்க வேண்டும் என்ற கருத்தையே கொண்டது. அன்று வரிசையில் நின்ற எனக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. கடைப் பெண்ணைத் திட்டத் திறந்தேன்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தட்டிவிட்ட மூன்று துணுக்குகளில் ஒன்று பொய் என்று மறுநாள் தெரிந்தது. ஒரு மந்திரி சொன்னதாகப் போட்டிருந்ததை அவர் சொல்லவேயில்லை. திருடினதைத் திருப்பிக் கொடுக்காமல் திருட்டுப் பாவம் தீராது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். பிறர் பெயரைக் கெடுத்தவன் அந்தப் பெயரைச் சீர்ப்படுத்தக் கடமைப்பட்டவன் என்பதும் அதே ஞானோபதேசம்தான். மந்திரிக்கும் பெயர் உண்டு. நமக்குப் பிடிக்காத மந்திரிக்கும் உண்டு. அந்தப் பத்துப் பேருக்கும் "அது பொய், நான் தவறாக அனுப்பினேன்" என்று எழுதி அனுப்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அனுப்ப ஒரு நொடி, திருப்பி வாங்க இரண்டு நாள். அதற்குள் அவர்கள் எத்தனை பேருக்குத் தட்டிவிட்டார்களோ.

அப்படியானால் அரசியலே வேண்டாம், ஜெபமாலையோடு இருந்துகொள்வோம் என்கிறீர்களா? அதுவும் சரியில்லை. பொதுக் காரியத்தில் பங்கெடுப்பது மனிதனுடைய உரிமையும் கடமையும் என்று 1963 ஏப்ரலில் 23-ம் அருளப்பர் பாப்பரசர் தம் சமாதான நிருபத்தில் எழுதினார். நம் பக்கத்துக் குடியானவர்கள் அப்படிப் பங்கெடுத்ததை நாமே பார்த்தோம். 2018-ல் சென்னை சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்கக் கல் நட்டபோது அவர்களுக்கு வந்த கோபம் சாமான்யமானதல்ல. கல் நட வந்த சர்வேயரோடு அது நின்றுவிடவில்லை. மனுவாகி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2019 ஏப்ரல் 8-ந் தேதி நிலமெடுப்பு அறிவிப்புகள் ரத்தாயின. 2020 டிசம்பர் 8-ந் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. ஆகவே, விலாசம் சரியாக எழுதினால் ஜெயம் நிச்சயம் என்று நான் சொல்ல வரவில்லை. போய்ச் சேர்ந்தது, பதில் வந்தது, அவ்வளவே. சாலை நல்லதா கெட்டதா என்பதில் நம் விசாரணையிலேயே இரண்டு கட்சி உண்டு, இருக்கட்டும்.

நமக்கு ஹைகோர்ட்டு வேண்டாம். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, சேலத்திலும் நாமக்கல்லிலும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்டால், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கடைக்கு வர முடியாத முதியவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்க வழி உண்டு. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கினது. இவையெல்லாம் படிக்கத் தெரிந்த நமக்குத் தெரிகிறது, அந்த ஆயாவுக்குத் தெரியவில்லை.

மறு வாரம் அந்தக் கடைப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார், தினமும் நாலு பேர் திட்டறாங்க" என்றாள். ஆயாவின் வீட்டையும் அவளேதான் வழி சொன்னாள். படிவத்தை நான் எழுத, ஆயா கைநாட்டு வைத்தார். மைக்குக்கூட அந்த விரலில் ரேகை சரியாக விழவில்லை. காகிதத்தில் ஒரு நீலத் திட்டுத்தான் பதிந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடியும் போவோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, கோவில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டுக்கொள்ளப் பங்குச் சாமியார் உத்தரவு கொடுத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர், செல்போனோடும் பேனாவோடும் வந்தால் நல்லது. ரேகை விழாத பெரியவர்கள் எந்த வேதத்தாரானாலும், ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வரலாம். நடக்க முடியாதவர் உங்கள் தெருவில் இருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், நாங்களே வருகிறோம்.