ஊழியமா, கைமாறா, தர்மமா?

அய்யா துணை

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வாழையும் ரப்பரும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அன்றாடக் கூலியை நம்பிய வீடுகள் திகைத்து நின்றன. மூன்று வேளையிலும் நிலைமை ஒன்றுதான். மக்களுக்குக் கை இருந்தது, கையில் தொழில் இருந்தது, காசு மட்டும் இல்லை.

அப்படிப்பட்ட நாளில் ஒருவர் கூரைமேல் விழுந்த மரத்தை அடுத்த வீட்டுக்காரர் அறுத்துக் கொடுக்கிறார். மரம் அறுத்தவரின் பிள்ளைக்கு இந்த வீட்டுப் பெண் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். தையல் தெரிந்த அம்மா கொத்தனார் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்க, அவர் அந்த அம்மாவின் வீட்டுச் சுவரைப் பூசிக் கொடுக்கிறார். வேலைக்கு வேலை கைமாறுகிறது; பணம் நடுவில் வரவில்லை.

இது தர்மமா, வியாபாரமா? "பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்தால் அது எப்படித் தர்மம் ஆகும்?" என்று சிலர் கேட்கிறார்கள். "சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் சோம்பேறி ஆவான்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அய்யா வழியில் நின்றே விடை காண வேண்டும்.

அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்தில் தென்திருவிதாங்கூரில் ஊழியம் என்ற கொடுமை இருந்தது. பனைக்கும் வரி, தலைக்கும் வரி. வரி போக, கூப்பிட்ட நேரத்தில் போய்க் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பாடுபட்டு இறக்கிய பதனீருக்கும் காய்ச்சிய கருப்பட்டிக்கும் உரியவன் தான் என்று பனையேறி சொல்ல முடியாது. அகிலத்திரட்டு அம்மானை அந்த வேதனையை விரித்துச் சொல்கிறது. அதை எதிர்த்த அய்யாவுக்குக் கிடைத்தது சிங்காரத்தோப்புச் சிறை.

ஊழியத்தில் தீமை எங்கே இருந்தது? பணம் கொடுக்கப்படவில்லை என்பது ஒரு பங்குதான். முடியாது என்று சொல்ல உழைத்தவனுக்கு உரிமை இல்லை. அவனுக்கு ஒரு தேவை வந்தபோது வேலை வாங்கியவன் அவன் வாசலுக்கு வரவும் இல்லை. உழைப்பு ஒரு பக்கமாகவே ஓடியது. கைமாறு அப்படி அல்ல. அதில் இருவரும் சம்மதித்துச் செய்கிறார்கள், இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் வாங்குகிறார்கள். ஆகவே கைமாறு செய்வது தர்மத்துக்குக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. ஊழியத்திலிருந்து மனிதனை மீட்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

பதியிலும் நிழல்தாங்கலிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டி அய்யாவின் முன் நிற்கிறார்கள். தலையில் துணி கட்ட உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அய்யா அளித்த முடி அது. உதவி பெறுகிறவரை அந்தத் தலைப்பாகையை அவிழ்க்க வைக்கும் உதவி அய்யாவுக்கு உகந்ததாகுமா? வேலை போன ஒருவர் தாங்கலில் அன்னதானப் பந்தி நடக்கும்போது வராமல் வீட்டில் பட்டினி இருப்பது உண்டு. அதைத் திமிர் என்று பேசுகிறார்கள். "அண்ணே, தாங்கல் மோட்டார் ஓடவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டால் அதே மனிதர் ஸ்பேனருடன் ஓடி வருவார். வேலை முடிந்ததும் எல்லாரோடும் பந்தியில் அமர்ந்து உண்பார். பசி தீர்ந்தது, மானமும் நின்றது. கொடுக்கத் தன்னிடமும் ஒன்று உண்டு என்று மனிதன் அறிவது பெரிய பலம்.

அடுத்த கேள்வி அளவு பற்றியது. பாடம் சொல்லும் ஒரு மணி நேரமும் கிணறு தூர்வாரும் ஒரு மணி நேரமும் சமமா? சந்தை சமம் இல்லை என்று சொல்லும். ஆனால் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கச் செய்தவர் அய்யா. கஷ்ட காலத்தில் ஒருவர் ஆயுளில் கழிந்த ஒரு மணி நேரம் மற்றவர் ஆயுளில் கழிந்த ஒரு மணி நேரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வதே அன்புக்கொடி மக்களுக்கு ஏற்றது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பூசுகிறவர் சிமெண்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். வயரிங் செய்கிறவர் வயரை வாங்குகிறார். பொருளின் விலையை வேறாகக் கொடுத்துவிட வேண்டும். சமம் என்று சொல்லி ஒருவரைக் கடனாளி ஆக்கக் கூடாது.

இனித்தான் கடினமான இடம். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கு நேரம் ஏது? கைமாறு மட்டுமே நியாயம் என்று ஊர் முடிவு செய்தால் இவர்கள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். கணக்கு முடிகிற அந்த இடத்தில் தர்மம் தொடங்க வேண்டும். அய்யா தம் மக்களிடம் காணிக்கை வேண்டாம் என்றார். எதையும் வாங்காமல் காப்பவரின் பிள்ளைகள், திருப்பித் தர இயலாதவரிடம் கணக்குப் பார்ப்பது பொருந்தாது.

இங்கே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. "இவளிடம் ஒன்றும் இல்லையே, நம் வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுக்கட்டும்" என்று வசதி உள்ளவர் சொல்லத் தொடங்குவார். வேறு வழி இல்லாததால் அவளும் தலையாட்டுவாள். பார்வைக்கு அது கைமாறு. உள்ளே பழைய ஊழியம் கொல்லை வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கழுவுவதும் பெருக்குவதும் சுமப்பதும் எப்போதும் ஒரே வீட்டாருக்கு வந்து சேர்ந்தால் அந்த ஏற்பாட்டில் பிழை இருக்கிறது. மறுத்தாலும் அவள் வீட்டு அடுப்பு எரியும் என்ற உறுதியை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வேலை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் சொல்லும் சம்மதமே சம்மதம்.

இதற்கு நிழல்தாங்கல்கள் செய்யக்கூடியது எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கத்தில் இன்னாருக்கு இன்ன வேலை தெரியும். எதிர்ப் பக்கத்தில் இன்னாருக்கு இன்னது தேவை. திருப்பித் தர முடியாதவர்களின் பெயர் அதில் வேண்டாம். பணிவிடைக்காரர் மனத்தில் மட்டும் இருக்கட்டும். நல்ல காலம் திரும்பியதும் அந்த நோட்டை மூடிவிட வேண்டும். "அன்றைக்கு நான் செய்தேனே" என்று கோபத்தில் சொல்லிக் காட்டினால், செய்த நன்மை அந்த நொடியில் வட்டிக்கடன் ஆகிவிடும்.

வலியோர் எளியோரிடம் பிடுங்கினால் ஊழியம். சமமானவர் சம்மதித்து மாற்றிக்கொண்டால் கைமாறு. இயலாதவருக்குக் கணக்கில்லாமல் கொடுத்தால் தர்மம். முதலாவது அடியோடு ஒழிய வேண்டும். இரண்டாவது ஊரெங்கும் நடக்க வேண்டும். மூன்றாவது இல்லாத ஊரில் இரண்டாவதும் நாளடைவில் முதலாவதாகக் கெட்டுவிடும். பள்ளியறைக் கண்ணாடியில் தன் முகம் கண்டு வணங்கித் திரும்பும் அன்பர், வழியில் எதிர்ப்படும் ஏழையின் முகத்திலும் அதையே கண்டால் இந்த மூன்றையும் பிரித்தறிவது கடினமாக இராது.

அய்யா உண்டு.