வந்தவர் எப்பொழுது சொந்தவர் ஆவார்?



ஒரு குடும்பம் ஓர் ஊரில் குடியேறி மூன்று தலைமுறை கடந்த பின்னும், "அவர்கள் வந்தவர்கள்தானே" என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்கிறோம். பெண் எடுக்கும்பொழுதும் திருவிழாவுக்குக் கமிட்டி அமைக்கும்பொழுதும் இந்தச் சொல் தலைதூக்கும். எத்தனை வருஷம் வாழ்ந்தால் ஓர் ஊர் ஒருவனுக்குச் சொந்தமாகும்? இந்தக் கேள்விக்கு ஒரு தபேலா வித்துவானின் வேலை நல்ல வெளிச்சம் தருகிறது.

அவர் பெயர் சாரதி கோர்வார். அமெரிக்காவில் பிறந்து, அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்து, பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். தபேலாவையும் மேல்நாட்டு டிரம்ஸையும் ஒருங்கே வாசிப்பவர். 2016-ல் இவர் வெளியிட்ட "டே டு டே" என்னும் இசைத்தட்டில், குஜராத்திலுள்ள ரத்தன்பூர் சித்தி மக்களின் பாட்டும் கொட்டும் ஜாஸ் இசையோடு சேர்ந்து ஒலிக்கின்றன.

சித்திகள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து வந்தவர்களின் சந்ததியார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர் பலர். சிப்பாய்களாகவும் மாலுமிகளாகவும் வந்தவரும் உண்டு. ரத்தன்பூரில் உள்ளவர்கள் முன்னோரின் பாஷையை மறந்து இன்று குஜராத்தி பேசுகிறார்கள். ஆனால் தங்கள் கொட்டாட்டத்தைக் "கோமா" என்றே அழைக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி பாஷையில் "ங்கோமா" என்றால் முரசு. பாஷை போயிற்று, முரசு நின்றது! அந்த முரசைக் கொட்டி அவர்கள் மகிமைப்படுத்துவதோ, ரத்தன்பூர் மண்ணில் தர்கா கொண்டுள்ள பாவா கோர் என்னும் முஸ்லிம் பெரியாரை. பழைய கரையும் புதிய கரையும் ஒரே கொட்டில் கூடி நிற்கின்றன.

கர்நாடகத்தின் வட கன்னட ஜில்லாவிலும் சித்திகள் வாழ்கிறார்கள். கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைப்பட்டிருந்து காட்டுக்குத் தப்பியோடியவர்களின் வழிவந்தவர் அவர்களில் பலர். இந்துக்களும் முஸ்லிம்களும் நம் கத்தோலிக்க சகோதரரும் அவர்களிடையே உண்டு. 2003-ல் சர்க்கார் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் என்ன? இத்தனை தலைமுறைக்குப் பிறகும், "நீங்கள் எந்த தேசத்தார்?" என்று வழிப்போக்கர் அவர்களைக் கேட்கிறார்கள். ஆகவே வெறும் வருஷக் கணக்கு ஒருவனைச் சொந்தக்காரனாக்கிவிடாது என்பது தெளிவு.

"எல்லாவற்றையும் கலந்தால் உள்ளதும் கெட்டுப்போகாதா?" என்று சிலர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சந்தான். ஒன்றன் சத்தம் மற்றொன்றை அமுக்கிவிட்டால் அது கலப்பன்று, விழுங்குதல். ஆனால் தாளத்தின் கணக்கைப் பாருங்கள். ஒருவர் மூன்று மூன்றாகவும் மற்றொருவர் நான்கு நான்காகவும் ஒரே வேகத்தில் கொட்டட்டும். நடுவில் இருவரும் பிசகிவிட்டதுபோல் தோன்றும். பன்னிரண்டு அட்சரம் முடிந்ததும் இருவரும் ஓரிடத்தில் வந்து கூடுவார்கள். மூன்று மூன்றாகவே இருந்தது, நான்கும் நான்காகவே இருந்தது. வேண்டியதெல்லாம், பன்னிரண்டு வரை பொறுப்பதும், அடுத்தவர் எண்ணிக்கைக்குக் காது கொடுப்பதுமே.

நம் ஊர் வாழ்வும் இப்படித்தான். சொந்த ஊர் என்பது இருவர் சேர்ந்து உண்டாக்குவது. இருக்கிறவர் இடம் கொடுக்க வேண்டும். வந்தவர் தம்மிடமுள்ள நல்லதைக் கொண்டுவந்து பொதுவில் வைக்க வேண்டும். இடம் கொடாதவன் தன் ஊரையே சிறிதாக்குகிறான். கொண்டுவந்ததைப் பூட்டிவைத்துப் பழைய ஊரின் பெருமையே பேசுகிறவன், எத்தனை வருஷமானாலும் சத்திரத்தில் தங்கியவனாகவே இருப்பான்.

ஆகையால், அடுத்த முறை "வந்தவர்கள்" என்னும் சொல் நாவில் வரும்பொழுது சற்றே நில்லுங்கள். அவர்களுக்கு நாம் இதுவரை என்ன இடம் கொடுத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். வருகிற திருவிழாவில் பந்தல் வேலையோ, பாட்டோ, கொட்டோ, ஒன்றை அவர்கள் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். அவர்கள் ஊர் எது என்று அதன்பின் யாரும் கேட்க வேண்டியிராது.