கேட்கத் தயங்கலாமா?

உயிர், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை மாய்த்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பது இஸ்லாத்தின் தெளிவான தீர்ப்பு. இதில் நமக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால், அந்தத் தீர்ப்பை அறிந்திருப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

நம் வீட்டில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போகிறார். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்கிறார். "அப்படிப் பேசுவதே பாவம்" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம். பேச்சு அடங்கிவிடுகிறது; எண்ணம் அடங்குவதில்லை. பாவத்துக்கு அஞ்சிய நாம், பாவத்தினின்றும் அவரைக் காக்கும் வழியை அடைத்துவிடுகிறோம்.

மனநல மருத்துவர்கள் செய்வது வேறு. "சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே கேட்கிறார்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. பிறகு, வழி எதையும் எண்ணியதுண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, உடனிருக்க யார் உளர் என்று பொறுமையோடு விசாரிக்கிறார்கள்.

இக்கேள்விகளால் இன்னார் இறப்பார், இன்னார் பிழைப்பார் என்று கணித்துவிட முடியுமா? முடியாது. அபாயம் குறைவு என மதிக்கப்பட்டவர்களும் மாண்டிருக்கிறார்கள். அப்படியானால் கேட்பானேன்? கேள்வி சோதிடமன்று, துணை. என்ன தேவை என்று அறிந்து, அதைச் செய்வதற்கே கேட்கிறோம்.

அந்தக் கொடிய வேளை பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. இலங்கையைப் பாருங்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு 1995-இல் தடை செய்தது. 2005-க்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. அம்மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. நஞ்சுதான் எட்டிப் போயிற்று. வேளை கடந்து போக அவகாசம் கிடைத்தது. வீட்டிலுள்ள நஞ்சையும் மருந்தையும் அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாதிருப்பது நாமும் செய்யக்கூடியதே.

தற்கொலைக்கு முயன்றவரை முன்பு நம் நாட்டுச் சட்டம் தண்டித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்லிற்று. சட்டமே இரங்கிவிட்டபின் நம் நாக்கு இரங்க வேண்டாமா? பிழைத்து மீண்டவரைக் குத்திக்காட்டுவதும், இழந்து நிற்கும் குடும்பத்தாரிடம் மறுமையின் தீர்ப்பை நாமே வழங்குவதும் நமக்கு உரிய வேலையல்ல; தீர்ப்பு அல்லாஹ்வுக்கு உரியது.

துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது. ஆயினும், அவரருகே அமர்ந்து முதலில் கேட்க வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் நாமே.