கையெழுத்துப் போடுமுன் ஜெபியுங்கள், கேளுங்கள்



ராசிபுரம் பக்கத்துச் சகோதரி ஒருவர், புற்றுநோய் முற்றிய நிலையில், என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "பாஸ்டர், புது மருந்து சோதனையாம். கையெழுத்துப் போட்டா விசுவாசத்துல குறைஞ்சவளாயிடுவேனா?" என்று அழுதார். நானும் ஒரு காலத்தில் மருந்தை விடச் சொல்லிப் பிரசங்கித்தவன்தான். ஆண்டவர் என்னை மன்னித்தார். எசேக்கியா ராஜா ஜெபித்தான். பிளவையின்மேல் அத்திப்பழ அடையும் வைத்தார்களே!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் போடாதீர்கள். முதல் கட்டச் சோதனை முக்கியமாக, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதற்கே. சுகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். திருவனந்தபுரத்தில் 1999-2000ல் வாய்ப்புற்று நோயாளிகளுக்குச் சரியான சம்மதம் வாங்காமல் புது மருந்தை ஊசி போட்டது 2001ல் வெளியே வந்து, பெரிய விவாதமாச்சு. இன்றைக்கு 2019ம் வருஷ விதிகள் இருக்கின்றன. நமக்குப் புரிகிற பாஷையில் விளக்க வேண்டும். சோதனையால் கெடுதி வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம். வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

அவர் கணவரோடு மூவரும் ஜெபித்தோம். கேள்விகளை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். மூன்றாம் நாள் சகோதரி, "எனக்கு ஆகாட்டியும் பின்னால வர்றவங்களுக்கு ஆகும், பாஸ்டர்" என்று சமாதானத்தோடு கையெழுத்திட்டார்.

பிரியமானவர்களே, வியாதியஸ்தரைப் பார்க்கப் போனால், "உனக்கு விசுவாசம் இல்லை" என்று குத்தாதீர்கள். கூட உட்காருங்கள். ஜெபியுங்கள். பஸ் செலவுக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆமென்.