எண்ணுதலும் அறிதலும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளொன்றைக் கருவியின் வாயிலாக மட்டுமே அறிய இயலுமாயின், மனிதன் அறிவது அப்பொருளையா, அன்றிக் கருவியின் இயல்பையா? இவ்வினா மெய்யியலாளர்க்கு மட்டும் உரியதன்று. விண்வெளியில் நிறைந்துள்ள மின்னேற்றத் துணிக்கைகளை அளக்க முற்பட்டோர் இதனை நடைமுறையிலேயே எதிர்கொள்ள நேர்ந்தது.

1958 ஜனவரி 31இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 1 என்னும் செய்மதி, அயோவாப் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் வான் அலன் குழுவினரின் கைகர் எண்ணியைத் தாங்கிச் சென்றது. தாழ்ந்த உயரங்களில் எதிர்பார்த்தவாறே எண்ணிய அக்கருவி, உயரம் மிகுந்த சில பகுதிகளிற் பூச்சியத்தைக் காட்டியது. அங்கே துணிக்கைகள் இல்லை, அல்லது கருவி பழுதுற்றது என்பதே எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய முடிபு. உண்மை இதற்கு நேர்மாறானது. துணிக்கைகள் மிகச் செறிவாக வந்து படும்போது, ஒரு துடிப்பிலிருந்து மீளுமுன்பே கைகர் குழாய் அடுத்ததற்கு ஆட்பட்டு, எண்ணத்தக்க துடிப்பைத் தரும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. குழுவைச் சேர்ந்த காள் மக்கில்வெயின் அத்தகைய குழாயை ஆய்வுகூடத்திற் செறிந்த எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்தி இதனைக் காட்டினார். இன்மையின் அடையாளமாகத் தோன்றிய பூச்சியம் மிகுதியின் அடையாளமாயிற்று. புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வலயம் 1958 மே 1இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது சிக்கல் இதனினும் நுண்ணியது. கைகர் எண்ணி தருவது 'ஒன்று பட்டது' என்னும் செய்தியை மட்டுமே; பட்டது எது என்பதை அது கூறுவதில்லை. வெளி வலயத்திற் பதிவான எண்ணிக்கைக்கு இரு விளக்கங்கள் இயலும். சக்தி குறைந்த எண்ணற்ற இலத்திரன்கள் கருவியின் சுவரில் மோதி எக்ஸ் கதிர்களைத் தோற்றுவிக்க, அவற்றுட் சில எண்ணப்பட்டிருக்கலாம். அல்லது சக்தி மிகுந்த சில இலத்திரன்கள் சுவரை நேரே ஊடுருவியிருக்கலாம். முதலில் ஏற்கப்பட்டது முன்னைய விளக்கமே. 1961இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 12, காந்தப்புலத்தால் இலத்திரன்களை வளைத்துச் சக்திவாரியாகப் பிரித்தறியும் கருவியைக் கொண்டு சென்றபோது, முந்தைய மதிப்பீடு ஏறத்தாழ 1000 மடங்கு மிகையானது எனத் தெரியவந்தது. எண்ணிக்கையிற் பிழையில்லை, எண்ணப்பட்டது எது என்பதிலேயே பிழை இருந்தது.

இதனைக் கொண்டு, அளவீடு யாவும் மனித விளக்கமே, புறவுலக உண்மை என ஒன்றில்லை என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் பொருந்தாது. இலத்திரனும் புரோத்தனும் காந்தப்புலத்தில் எதிரெதிர்த் திசைகளில் வளைவது எவரது உடன்பாட்டாலும் நிகழ்வதன்று. ஒரு வினாவுக்கு இரு விடைகளை அனுமதித்த அதே இயற்கை, இரண்டாவது வினா தொடுக்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றை மறுத்தது. விடையளிப்பது இயற்கை, எதனை எதனினின்று வேறுபடுத்த வேண்டும் என வினவுவது மனிதன். அவ்வினாவைத் தொடுக்கும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்தல் இயலாது.

இப்பொறுப்பு வெறும் அறிவுத்துறை ஒழுக்கம் மட்டுமன்று. செய்மதிக்குரிய காப்புறையின் தடிப்பும், விண்வெளி செல்வோரின் உடல்நலமும் இத்தகைய மதிப்பீடுகளையே நம்பியுள்ளன. ஆதலின், அளந்தவன் தான் கண்ட எண்ணோடு, தன் கருவி வேறுபடுத்த இயலாதவை எவை என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவனாகின்றான். அதனைக் கூறாதவிடத்து, எண் சரியாக இருந்தும் அவன் பிறர்க்கு அளிப்பது அரை உண்மையே.