யாருக்காக அந்த விளக்கு?

லங்காவிக்குத் தெற்கே, பூலாவ் தாயாங் புந்திங் தீவோரம் நங்கூரம் போட்டிருந்த ஒரு பாய்மரப் படகில் நான் செய்த காரியம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அப்புறம் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகவில்லை என்பதால் தப்பு தப்பில்லாமல் போய்விடுமா? அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

படகு எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணனுடையது. பதினொரு மீட்டர் நீளம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடலே கதி என்று இருப்பவர். அவ்வப்போது எங்களைப் போன்ற பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவார். படகுத்துறையில் கட்டி வைத்திருக்கும்போது கரையிலிருந்து மின்சாரம் வரும், கவலையில்லை. நங்கூரம் போட்டு நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால் பேட்டரியில் இருப்பதுதான் நம் சொத்து. பகலில் சோலார் பலகை கொஞ்சம் ஏற்றும். ராத்திரி முழுக்கச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. படகில் 12 வோல்ட் ஈய பேட்டரிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 100 ஆம்பியர் மணி. மொத்தம் 200. ஆனால் இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும். ஆக, கைக்கு வருவது 100தான். ஐஸ்பெட்டி ஓடும்போது நாலைந்து ஆம்பியர் இழுக்கும். நம் ஊர் வெக்கைக்கு அது பாதி நேரமாவது ஓடிக்கொண்டே இருக்கும், 12 மணி நேரத்தில் 25, 30 போய்விடும். காற்றாடி மூன்று, விடிய விடிய ஓடினால் 15. இதற்கெல்லாம் நடுவில், பாய்மரத்தின் உச்சியில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு. 10 வாட் பழைய பல்பு. மணிக்கு ஒரு ஆம்பியர்கூட இல்லை, ராத்திரிக்கு மொத்தம் 10.

அதுதான் நங்கூர விளக்கு. 'நான் இங்கே நகராமல் நிற்கிறேன்' என்று மற்றவர்களுக்குச் சொல்வது. 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நங்கூரமிட்ட கலம் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை எல்லாத் திசைக்கும் தெரியும்படி வெள்ளை விளக்கு காட்ட வேண்டும். ரொம்பச் சின்னப் படகுகளுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. பதினொரு மீட்டருக்குக் கிடையாது.

அன்றைக்குப் பகல் முழுக்க மேகம். சோலார் பலகை பேருக்குத்தான் வேலை பார்த்தது. இது போதாதென்று சாயங்காலம் இன்வெர்ட்டரில் ரைஸ் குக்கரைச் செருகிச் சோறு வடித்தோம். குக்கர் 500 வாட் இழுத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 40 ஆம்பியருக்கு மேல். அரை மணி நேரச் சோற்றுக்கு, இரண்டு ராத்திரி விளக்கு எரியும் மின்சாரம் போய்விட்டது. பக்கத்திலேயே கேஸ் அடுப்பு சும்மா கிடந்தது. அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. நல்ல பசி, நல்ல மீன் குழம்பு.

நள்ளிரவுக்கு மேல் காவல் முறை என்னுடையது. "மீட்டர் 12க்குக் கீழ போனா எதையாவது அணைச்சிடு தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணன் படுக்கப் போனார். இரண்டு மணிக்குப் பார்க்கிறேன், 11.8. (ஐஸ்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி.) சுவிட்ச் பலகை முன்னால் நின்றேன். 'எதையாவது' என்றால் எதை?

காற்றாடியை நிறுத்தினால் தூங்குகிறவர்கள் வியர்த்து எழுந்து என்னைத் திட்டுவார்கள். ஐஸ்பெட்டியை நிறுத்தினால், குவாவில் வாங்கி வைத்த மீன் காலைக்குள் கெட்டுவிடுமோ என்ற பயம். இஞ்சினுக்குத் தனி பேட்டரி இருந்தது, அதை முடுக்கிச் சார்ஜ் ஏற்றியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்தச் சத்தம் எங்கள் படகை மட்டுமல்ல, அந்தப் பக்கம் நின்ற படகையும் எழுப்பிவிடும். விளக்கை அணைத்தால்? யாருக்கும் தெரியாது. நம் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருக்கிறது, படகுக்குள் ஒரு பொட்டு வெளிச்சமும் தருவதில்லை. அதைத்தான் அணைத்தேன். ரொம்ப யோசிக்கவும் இல்லை.

நாலு மணி வாக்கில் ஒரு சம்பான் இஞ்சின் சத்தம். தூரத்தில் போகிறது என்று நினைத்தேன். திடீரென்று கிட்டே வந்துவிட்டது. ஒரு கைவிளக்கு வெளிச்சம் எங்கள் படகின் பக்கவாட்டில் அடித்தது, யாரோ கத்தினார்கள், சத்தம் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது. அலை வந்து படகு ஆடியது. உள்ளே ஒருவன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். கை நடுங்க விளக்கைப் போட்டேன்.

காலையில் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அது நம்ம விளக்கு இல்ல தம்பி, அவனோடது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதையாவது அணைன்னு சொன்னது நான்தானே. குக்கரப் போடச் சொன்னதும் நான்தான்" என்றார்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு வாதம் வந்தது. ஒன்று, அந்தச் சம்பான்காரன் மட்டும் விளக்கு போட்டிருந்தானா? இல்லை. கைவிளக்குதான் வைத்திருந்தான். ஆனால் அவன் மரப் படகில் தனியாக வந்தவன். நாங்கள் பல டன் எடையோடு இருட்டில் அசையாமல் நின்றவர்கள். மோதியிருந்தால் எங்களுக்குப் பூச்சு போயிருக்கும், அவனுக்கு என்ன போயிருக்குமோ. அவன் செய்யாததைக் காட்டி நான் செய்யாததை நியாயப்படுத்த முடியாது. இரண்டாவது வாதம் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. விளக்கு நம்மையும்தானே காப்பாற்றுகிறது, அப்படியானால் அது சுயநலம்தானே, இதில் தர்மம் எங்கே வந்தது என்றான் ஒருவன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. உண்மைதான், விளக்கால் நமக்கும் லாபம் உண்டு. ஆனால் இரண்டு மணிக்கு அந்த லாபம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றாடிக் காற்று உடம்பில் படுகிறது, விளக்கின் பயன் முகம் தெரியாத ஒருவனிடம் போகிறது. அவன் பத்திரமாகப் போய்விட்டால் நன்றி சொல்லவும் மாட்டான், நாம் இருந்ததே அவன் நினைவில் இருக்காது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் மனம் முதலில் வெட்டுகிறது. வீட்டிலும் சங்கத்திலும்கூடப் பணம் குறையும்போது நாம் முதலில் எதில் கை வைக்கிறோம் என்று பாருங்கள்.

தேவார வகுப்பில் கணம்புல்ல நாயனார் கதை கேட்டிருப்போம். செல்வம் போன பிறகு கணம்புல்லை அறுத்து விற்று, அந்தக் காசில் நெய் வாங்கித் தில்லைக் கோயிலில் விளக்கெரித்தவர். ஒருநாள் புல் விற்கவில்லை. புல்லையே எரித்தார். வழக்கமாக எரிக்கும் யாமம் வரை அது வரவில்லை என்றதும், தன் தலைமுடியை வைத்து எரித்தார். சின்ன வயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். அவர் ஏற்றியது இறைவனுக்கு, எங்கள் படகில் இருந்தது சட்டம் கேட்கும் ஒரு பல்பு. இரண்டையும் சமமாக்க நான் வரவில்லை. பற்றாக்குறை வந்தபோது அவர் எதைக் குறைத்தார் என்பதை மட்டும் பார்க்கிறேன். விளக்கின் நேரத்தில் அவர் கை வைக்கவில்லை.

ஆனால் எல்லாரும் நாயன்மார் ஆக முடியாது, ஆக வேண்டிய அவசியமும் வரக் கூடாது என்று நினைத்தவர்கள் நம் முன்னோரில் இருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ஆட்டைப் பெற்றுக்கொண்டவர் ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்கிறது. அந்த மந்தைக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடு போனால் குட்டி வந்து நிரப்பும், எண்ணிக்கை குறையக் கூடாது. முதலில் வரவைக் கட்டி வைத்துவிட்டு அப்புறம்தான் விளக்கை ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆட்டுக் கணக்கும் எங்கள் ஆம்பியர் கணக்கும் ஒரே ஜாதி.

அதனால்தான் என் தப்பு இரண்டு மணிக்கு நடந்தது என்று இப்போது நான் நினைப்பதில்லை. ஏழு மணிக்கே, குக்கரைச் செருகியபோதே பாதி நடந்துவிட்டது. ராத்திரி விளக்குக்கு 10 என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட்டிருந்தால், தூக்கக் கலக்கத்தில் ஒரு பையன் தர்மசங்கடத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. நல்லவனா கெட்டவனா என்ற சோதனை அந்த நேரத்தில் எனக்கு வந்ததே சாயங்காலக் கணக்குக் கோளாறால்.

போன மாதம் மறுபடியும் அதே இடத்துக்குப் போனோம். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அண்ணன் 2 வாட் எல்.இ.டி. போட்டிருக்கிறார், ராத்திரிக்கு 2 ஆம்பியர் மணிதான் தின்கிறது. சோறு கேஸ் அடுப்பில் வெந்தது, கொஞ்சம் அடிப்பிடித்தது. சுவிட்ச் பலகையில் அந்த ஒரு சுவிட்ச் மேல் சிவப்பு ஒட்டுத்துணி ஒட்டியிருந்தது. மூன்று மணிக்கு மீட்டர் இறங்கியதும் காற்றாடிகளை நிறுத்தினேன். நினைத்த மாதிரியே இரண்டு பேர் எழுந்து திட்டினார்கள். பிறகு நாங்கள் மூவரும் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டோம். விடிவதற்கு முன்னால் ஒரு சம்பான் எங்களைச் சுற்றிக்கொண்டு தூரத்திலேயே போனது.